மொழிமாற்றச் சித்திரத் தொடர்களில் பின்னணி இசை: ஒரு மதிப்பீடு

ஒரு படைப்பை வேற்று மொழிக்குக் கொண்டு செல்வது குறித்துத் தமிழில் நிறைய எழுதப்பட்டுள்ளது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதா, கருத்தைப் பெயர்ப்பதா, மூலத்தின் நடையைக் காப்பதா, பெயர்ப்பு மொழியின் மரபைக் காப்பதா என்னும் வினாக்கள் நம் திறனாய்வாளர்களுக்குப் புதியன அல்ல. எனினும், இவ்வினாக்கள் யாவும் எழுத்தை மட்டுமே கருத்திற் கொண்டவை. படமும் குரலும் இசையும் ஒன்றாய்க் கலந்து வரும் படைப்பு மொழி மாறும்போது என்ன நிகழ்கிறது என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. அங்கே உரையாடல் மட்டுமே மாறுகிறது என்று கருதிவிடுகிறோம். பல நேரங்களில் இசையும் மாறிவிடுகிறது. உரையாடல் மாறியது பார்ப்பவருக்குத் தெரியும். இசை மாறியது அவருக்குத் தெரிவதே இல்லை.

இதற்குத் தக்க சான்றாக விளங்குபவை, அனிமே என்று வழங்கப்படும் ஜப்பானியச் சித்திரத் தொடர்கள். அவை ஆங்கிலத்திலும் மலாயிலும் இன்னும் பல மொழிகளிலும் பேசுகின்றன. நம் மாணவர்கள் நூலகத்தில் செலவிடும் நேரத்தைவிட அவற்றின்முன் செலவிடும் நேரம் மிகுதி என்பதை ஆசிரியர் எவரும் மறுக்கமாட்டார். சிறுவர் உள்ளத்தில் இவ்வளவு ஆழமாக இடம்பெறும் ஒரு கலையைத் திறனாய்வு புறக்கணித்தல் முறையாகாது. ஆகவே, இத்தொடர்களுக்கான பின்னணி இசை எவ்வாறு ஆக்கப்படுகிறது, ஆக்கப்பட்ட இசை எவ்வாறு மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகிறது, மொழிமாற்றத்தில் அதற்கு என்ன நேர்கிறது என்னும் மூன்றையும் ஈண்டு நோக்குவோம்.

களஞ்சியமாக அமையும் இசை

திரைப்படத்திற்கு இசையமைப்பவர் பெரும்பாலும் படத்தைப் பார்த்த பின்னரே எழுதத் தொடங்குவார். காட்சியின் கால அளவைக் கணித்து, இன்ன நொடியில் இன்ன கருவி ஒலிக்க வேண்டும் என்று வரையறுப்பார். வாரந்தோறும் ஒரு பகுதி வெளிவர வேண்டிய தொலைக்காட்சித் தொடருக்கு இம்முறை எளிதில் ஒத்துவராது. காலமும் போதாது, பொருளும் போதாது.

1963ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், ஒசாமு தெசுகாவின் 'தெத்சுவான் அதோமு' ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. 'ஆஸ்ட்ரோ பாய்' என்று ஆங்கிலம் அறிந்த உலகம் அதனை அழைக்கும். வாரம் ஓர் அரைமணி நேரப் பகுதி என்னும் வழக்கத்தை ஜப்பானியச் சித்திரப்படத்தில் நிலைநிறுத்திய அத்தொடர், 1966ஆம் ஆண்டு முடிவு வரை 193 பகுதிகள் நடந்தது. இவ்வேகத்திற்கு ஈடுகொடுக்கும் பொருட்டு, வரைந்த படங்களைச் சேமித்து வைத்து வேறு பகுதிகளில் மீண்டும் பயன்படுத்தும் முறையைத் தெசுகாவின் கூடம் கையாண்டது. 'வங்கி' என்பது அம்முறைக்கு வழங்கிய பெயர். படத்திற்கு வங்கி இருந்தது போலவே, தொலைக்காட்சித் தொடர்களில் இசைக்கும் ஒரு களஞ்சியம் வேண்டியதாயிற்று.

அக்களஞ்சியம் உருவாகும் முறை வருமாறு. தொடர் தொடங்குவதற்கு முன்பே ஒலி இயக்குநர் ஒரு பட்டியல் தருவார். அமைதியான காலைப் பொழுது, நகைச்சுவை, நட்பு, பிரிவுத் துயரம், பகைவன் நெருங்கி வருதல், போர், தோல்வி, வெற்றி என்று சூழ்நிலைகள் அதில் வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். இசையமைப்பாளரின் கையில் அப்போது முடிந்த படம் இராது. கதைச் சுருக்கமும் பாத்திரங்களின் உருவப்படங்களுமே இருக்கும். அவற்றைக் கொண்டு பல பத்துத் துணுக்குகளை அவர் எழுதுவார். தொடக்கப் பாடலின் மெட்டையே ஒருமுறை விரைவாகவும் ஒருமுறை மெதுவாகவும், ஒருமுறை குழலிலும் ஒருமுறை தந்திக் கருவியிலும் வேறுபடுத்தி எழுதுவதும் உண்டு. காட்சிக்கும் காட்சிக்கும் இடையே பாலமாகச் சில நொடிகளே நீடிக்கும் இணைப்பிசையும், விளம்பர இடைவேளையின் முன்னும் பின்னும் ஒலிக்கும் சிற்றிசையும் வேறு. இவை யாவும் இசைக்குழுவைக் கொண்டு ஒருங்கே பதிவு செய்யப்படும். ஒவ்வொரு துணுக்குக்கும் 'எம்' என்னும் எழுத்தும் ஓர் எண்ணும் அடையாளமாக அமையும்.

அதன் பின்னர், ஒவ்வொரு பகுதியும் முடிவடையும்போது, ஒலி இயக்குநரோ அவருக்குத் துணையாய் அமைந்த இசைத் தேர்வாளரோ களஞ்சியத்திலிருந்து தக்க துணுக்குகளை எடுத்துக் காட்சிகளில் பொருத்துவார். எங்கே தொடங்குவது, எங்கே வெட்டுவது, எங்கே மெல்ல ஒடுக்குவது, எங்கே இசையே இல்லாமல் விடுவது என்னும் முடிவுகள் அவருடையவை. எனவே, ஒரு பகுதியில் நாம் கேட்கும் பின்னணி இசைக்கு ஆசிரியர் இருவர். பூ ஒருவருடையது; தொடை மற்றொருவருடையது. இசையமைப்பாளரின் பெயரை அறிந்தோர் பலர். தொடுத்தவரை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

இப்பட்டியலைக் காணும் தமிழாசிரியருக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வருதல் இயல்பு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டும் ஏதோ ஒரு வகையில் அதில் இடம்பெற்றிருக்கும். இரண்டிற்கும் தொடர்பு உண்டென்று கூறுவது என் கருத்தன்று. கதைகள் எண்ணிறந்தனவாயினும் கதை எழுப்பும் உணர்வுகள் எண்ணி வகுக்கத்தக்கன என்னும் உண்மையைத் தேவையின் காரணமாக அவர்களும் கண்டுகொண்டனர் என்பதே கருதத்தக்கது.

மீண்டும் ஒலித்தல் குறையா?

ஒரே இசையைப் பல பகுதிகளில் மீண்டும் மீண்டும் கேட்கும்போது, இது சோம்பலன்றோ, சிக்கனமன்றோ என்று வினவத் தோன்றும். சிக்கனத்தில் தோன்றியது என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒரு முறை எதில் தோன்றியது என்பது வேறு. அது எதை ஆக்கியது என்பது வேறு.

ஷுன்சுகே கிகுச்சியின் பணியை எடுத்துக்கொள்வோம். 1931இல் பிறந்து 2021இல் மறைந்த அவர், 'காமென் ரைடர்', 1979ஆம் ஆண்டின் 'டோராயெமொன்' முதலிய தொடர்களுக்கு இசை வகுத்தவர். 1986இல் தொடங்கிய 'டிராகன் பால்' தொடருக்கும், அதனைத் தொடர்ந்து 1989 முதல் 1996 வரை 291 பகுதிகள் நடந்த 'டிராகன் பால் இசட்' தொடருக்கும் அவரே இசையமைத்தார். முதல் தொடருக்கு எழுதிய துணுக்குகள் இரண்டாம் தொடரில் ஒலித்தன. இடையிடையே வெளிவந்த திரைப்படங்களுக்கு எழுதிய துணுக்குகள் பின்னர்த் தொலைக்காட்சிப் பகுதிகளுக்கு வந்து சேர்ந்தன. ஆண்டுகள் செல்லச் செல்லக் களஞ்சியம் பெருகிற்று.

கிகுச்சியின் இசை பெரும்பாலும் நிலைமைக்கு உரியது. ஆளுக்கு உரியது அன்று. சில பாத்திரங்களுக்குத் தனி மெட்டு உண்டெனினும், பகைவன் வருகையைக் குறிக்கும் ஒரு துணுக்கு இப்பகைவனுக்கும் ஒலிக்கும். அவன் அழிந்த பின் வரும் மற்றொரு பகைவனுக்கும் ஒலிக்கும். பத்தாம் பகுதியில் அதனைக் கேட்ட சிறுவனுக்கு அது வெறும் அச்சவிசை. நூறாம் பகுதியில் அதே இசையைக் கேட்கும்போது, அதற்கு முன் அவ்விசையோடு வந்த இழப்புகள் யாவும் அவனையறியாமல் நெஞ்சில் எழுகின்றன. இசையமைப்பாளர் எழுதியபோது அதில் இல்லாத பொருள், பயன்பாட்டினால் அதில் ஏறிவிட்டது. இவ்வாறு நோக்கின், பின்னணி இசை ஒரு நெடுந்தொடரின் நினைவாற்றல் எனலாம். கதை மறந்ததை இசை நினைவில் வைத்திருக்கிறது.

பண் என்னும் கோட்பாட்டை அறிந்த நமக்கு இது விளங்காத செய்தியன்று. தேவாரத்தில் ஒரே பண்ணில் அமைந்த பதிகங்கள் பல. ஊர் வேறு, செய்தி வேறு, சொல் வேறு, பண் ஒன்று. ஒரு பண்ணைத் திரும்பக் கேட்கும்போது, முன்பு கேட்ட பதிகத்தின் உணர்வும் உடன் வருகிறது. அதனைக் கற்பனை வறட்சி என்று எவரும் கூறுவதில்லை.

ஆயினும், மீள்பயன்பாட்டின் குறைகளையும் மறைத்தல் கூடாது. பொருந்தாத இடத்தில் ஒட்டப்பட்ட துணுக்கு காட்சியைக் கெடுக்கும். இசைத்தொடர் முடிவதற்குமுன் காட்சி முடிந்துவிட்டதென்று நடுவில் வெட்டப்பட்ட இசை காதை உறுத்தும். வாரந்தோறும் ஒரே இடத்தில் ஒரே துணுக்கு வருமானால், அடுத்து என்ன நேரும் என்பதைக் கதை சொல்லுமுன் இசை சொல்லிவிடும். இவை தேர்வாளரின் பிழைகள். களஞ்சிய முறையின் வெற்றியும் தோல்வியும் எடுத்துக் கோப்பவரின் கையில் உள்ளன என்பதையே இக்குறைகளும் மெய்ப்பிக்கின்றன.

மொழிமாற்றத்தில் இசை நீங்குவது ஏன்?

இனி, இத்தொடர்கள் அமெரிக்காவுக்குச் சென்றபோது நிகழ்ந்ததைக் காண்போம். மொழிமாற்றம் முறைப்படி நடைபெற வேண்டுமாயின், உரையாடல் நீங்கலாக இசையும் ஒலிவிளைவுகளும் மட்டும் அடங்கிய தனிப் பதிவு ஒன்று வேண்டும். அப்பதிவின்மீது புதிய குரல்களை ஏற்றினால் போதும். அப்பதிவு கிடைக்காதபோதும், கிடைத்தும் முழுமையாக இல்லாதபோதும், குரலை நீக்கினால் இசையும் உடன் நீங்கிவிடும். இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் வெட்டு. சிறுவர்க்கு ஆகாதென்று கருதிய காட்சிகளை நீக்கினால், அக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த இசை இடையில் துண்டிக்கப்பட்டுத் தாவும். புதிய இசை அத்தையலை மறைத்துவிடும். மூன்றாவது காரணம் பொருள் வருவாய். ஒவ்வோர் ஒளிபரப்புக்கும் இசையமைப்பாளருக்கும் இசை உரிமையாளருக்கும் உரிமத்தொகை சேரும். புதிய இசை ஆக்கினால் அத்தொகை புதியவர்க்குச் சேரும். நான்காவது காரணம் சுவை பற்றிய நம்பிக்கை. இசை ஓய்ந்தால் சிறுவர் வேறு அலைவரிசைக்குச் சென்றுவிடுவர் என்று ஒளிபரப்பாளர் அஞ்சினர்.

1972ஆம் ஆண்டின் 'காட்ச்சாமன்' தொடர் 105 பகுதிகள் கொண்டது. 1978இல் அமெரிக்காவில் 'பேட்டில் ஆப் த பிளானட்ஸ்' என்னும் பெயரில் அது 85 பகுதிகளாக வந்தபோது, வன்முறைக் காட்சிகள் குறைக்கப்பட்டன. இடைவெளியை நிரப்ப ஓர் இயந்திர மனிதன் புதிதாக வரைந்து சேர்க்கப்பட்டான். ஹோய்ட் கர்ட்டின் புதிய இசை அமைத்தார். 'பிளின்ட்ஸ்டோன்ஸ்' முதலிய அமெரிக்கச் சித்திரத் தொடர்களால் புகழ்பெற்றவர் அவர். அவ்விசையைக் கேட்ட அமெரிக்கச் சிறுவனுக்கு அது பழகிய ஒலியாகவே பட்டிருக்கும். அயலார் கதை ஒன்றைக் காண்கிறோம் என்னும் எண்ணமே அவனுக்கு எழாமல் செய்வதில் அவ்விசை வெற்றி பெற்றது.

1985இல் வந்த 'ரோபோடெக்' வேறொரு வகை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 'மாக்ரோஸ்', 'சதர்ன் கிராஸ்', 'மொஸ்பீடா' என்னும் மூன்று ஜப்பானியத் தொடர்களை இணைத்து, மூன்று தலைமுறையின் கதையாக 85 பகுதிகளில் அது அமைக்கப்பட்டது. வார நாள்தோறும் ஒளிபரப்ப 65 பகுதிகளேனும் வேண்டும் என்பது அமெரிக்க நிலையங்களின் எதிர்பார்ப்பு. தனித்தனியே எத்தொடரும் அவ்வளவு நீளம் இல்லை. மூன்றிற்கும் மூன்று இசையை அப்படியே விட்டிருந்தால் ஒட்டுப்போட்டது வெளிப்பட்டிருக்கும். உல்பியோ மினூச்சி முதலியோர் ஆக்கிய புதிய இசை மூன்று பாகங்களிலும் மீண்டும் மீண்டும் ஒலித்து, அவற்றை ஒரே கதையென்று நம்பவைத்தது. இங்கும் மீள்பயன்பாடுதான் பணி செய்தது. மூலத்தில் இல்லாத ஒரு நினைவை அது படைத்தது. ஆனால், 'மாக்ரோஸ்' கதையில் பாடகி ஒருத்தியின் பாடலே போரின் போக்கை மாற்றும் ஆற்றல். அப்பாடல்களும் வேறு பாடல்களாயின. கதையின் கருவையே மாற்றிய மொழிபெயர்ப்பு அது என்று கூறுதல் மிகையாகாது.

'போக்கெமொன்' தொடர் 1997இல் ஜப்பானில் தொடங்கி 1998இல் அமெரிக்கா சென்றது. ஷிஞ்சி மியாசாக்கியின் இசையில், 1996இல் வெளிவந்த விளையாட்டின் மெட்டுகள் எடுத்தாளப்பட்டிருந்தன. விளையாடிய சிறுவன் தொடரில் அதே மெட்டை வேறு கோலத்தில் கேட்டு மகிழ்வான். அமெரிக்கப் பதிப்பில் அவ்விசையின் ஒரு பகுதி நீங்கிப் புதிய இசை புகுந்தது. முதல் திரைப்படத்தில் பெரும்பாலும் புதிய இசையே ஒலித்தது. மேலும், பல நாட்டு மொழிகளுக்குப் 'போக்கெமொன்' அமெரிக்கப் பதிப்பின் வழியாகவே சென்றது. ருசிய நாவல்கள் ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கு வந்ததை நாம் அறிவோம். இடைமொழியில் விடுபட்டது தமிழிலும் விடுபட்டது. இசைக்கும் அதுவே நேர்ந்தது. இடைநாட்டில் மாற்றப்பட்ட இசை, மூன்றாம் மொழியினர்க்கு மூலமாகிவிட்டது.

ஒரு படம், இரண்டு இசை

'டிராகன் பால் இசட்' 1996இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குச் சென்றபோதே கிகுச்சியின் இசை நீக்கப்பட்டது. 1999 முதல் வந்த பகுதிகளுக்குப் புரூஸ் ஃபால்கனரும் அவர் குழுவினரும் இசை வகுத்தனர். இவ்விரு இசைகளையும் ஒப்பிடும் வாய்ப்பு 2007இல் வந்த குறுந்தகட்டுப் பதிப்பில் அமைந்தது. ஆங்கிலக் குரலோடு அமெரிக்க இசை, ஆங்கிலக் குரலோடு ஜப்பானிய இசை, ஜப்பானியக் குரலோடு ஜப்பானிய இசை என்னும் மூன்று ஒலிப்பதிவுகளும் அதில் இடம்பெற்றன. படமும் குரலும் ஒன்றாக இருக்க, இசை ஒன்று மட்டும் வேறுபடும் இத்தகைய சான்று திறனாய்வாளனுக்கு அரிதாகவே கிட்டும்.

ஒப்பிட்டுக் கேட்டால் மூன்று வேறுபாடுகள் புலப்படும். முதலாவது கருவி. கிகுச்சியின் இசை பித்தளைக் காற்றுக் கருவிகளும் தந்திக் கருவிகளும் ஒலிக்கும் இசைக்குழுவால் ஆனது. ஃபால்கனரின் இசை மின்னணு இசைக்கருவியும் மின்கித்தாரும் முரசும் மேலோங்கியது. இரண்டாவது உரிமை. கிகுச்சியின் துணுக்கு நிலைமைக்கு உரியது என்று முன்னர்க் கண்டோம். ஃபால்கனரோ பாத்திரங்களுக்குத் தனித்தனி மெட்டு வகுத்தார். வெஜிட்டாவுக்கு ஒன்று, டிரங்க்ஸுக்கு ஒன்று என அவை அமைந்தன. நிலைமைக்கு இசை அமைந்தால், 'மீண்டும் அத்துன்பம் வந்தது' என்று அது கூறும். ஆளுக்கு இசை அமைந்தால், 'இதோ அவன் வந்தான்' என்று அது கூறும். முன்னது ஊழை நினைப்பிக்கிறது. பின்னது வீரனை நினைப்பிக்கிறது. ஒரே கதை, இசையினால் இரு வேறு கதைகளாகிறது.

மூன்றாவது வேறுபாடே தலையாயது. அது மௌனம். ஜப்பானிய மூலத்தில், இரு வீரர் எதிரெதிரே நிற்கையில் இசை ஓய்ந்துவிடும் இடங்கள் பல. காற்றின் ஒலி மட்டும் கேட்கும். பார்ப்பவன் தன் மூச்சையே கேட்பான். அமெரிக்கப் பதிப்பில் அவ்விடங்கள் பெரும்பாலும் இசையால் நிரப்பப்பட்டன. அச்சத்தை அவன் தானாக உணர்வதற்குமுன், 'அஞ்சு' என்று இசை கட்டளையிட்டுவிடுகிறது.

ஃபால்கனரின் இசை தரமற்றது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அவ்விசையோடு வளர்ந்த அமெரிக்கத் தலைமுறையினர் பலர் அதனை இன்றும் போற்றுகின்றனர். அவர்களுக்குத் தொடரின் நினைவு அதுவே. அதனைப் பறித்துக் கிகுச்சியைக் கொடுத்தால், அவர்களும் ஏதோ ஒன்றை இழந்தவராகவே உணர்வர். பயன்பாடே பொருள் ஏற்றுகிறது என்னும் நம் கருத்துக்கு இதுவும் ஒரு சான்று. நம் குறை இசையின் தரத்தைப் பற்றியதன்று. மாற்றம் அறிவிக்கப்படாமல் நிகழ்ந்ததைப் பற்றியது. மொழிபெயர்ப்பு நூலில் 'தழுவல்' என்று ஒரு சொல் அச்சிடப்பட்டால் வாசகன் விழிப்போடு படிப்பான். இசை மாறிய தொடரில், இஃது இசையளவில் ஒரு தழுவல் என்று சிறுவனுக்குச் சொல்லுவார் இல்லை.

மௌனமும் மூலத்தின் பகுதியே

இவ்விடத்தில் தொடரல்லாத ஒரு திரைப்படத்தையும் குறிப்பிடுதல் பொருந்தும். ஹயாவோ மியாசாக்கியின் 'லாபுத்தா' 1986இல் வெளிவந்தது. இசை ஜோ ஹிசாயிஷி. டிஸ்னி நிறுவனம் அதனை ஆங்கிலமாக்கியபோது, மூலத்தில் இசையில்லாமல் செல்லும் நீண்ட இடங்கள் அமெரிக்கர்க்கு ஒவ்வா என்று கருதப்பட்டது. அங்கே இசையை மாற்றியவர் அயலார் அல்லர். ஹிசாயிஷியே தம் இசையை விரித்து, பெரிய இசைக்குழுவுக்கு ஏற்ப மீண்டும் எழுதினார். ஆசிரியரே செய்த மாற்றமாதலின் இதில் அறம் பற்றிய குறை கூற இடமில்லை. எனினும், கலை பற்றிய வினா எஞ்சுகிறது. கவிதையில் சொல்லாமல் விட்ட இடத்தைக் குறிப்புப்பொருள் என்று போற்றும் நாம், இசையில்லாத இடத்தை வெற்றிடம் என்று கருதலாமா? உரையாசிரியர் விளக்கம் எழுதலாம்; ஆனால், பாடலின் அடிகளுக்கு இடையே அதனைச் செருகிவிட்டால் பாடல் என்னாவது?

இரண்டு படிப்பினைகள்

இசையை எடுத்தாளுதல் எத்தகைய மரபாகலாம் என்பதைக் காட்ட இரு நிகழ்ச்சிகள் போதும். முதலாவது 'யமாத்தோ'. 1974இல் வந்த அவ்விண்வெளிக் கப்பல் தொடருக்கு இசையமைத்தவர் ஹிரோஷி மியாகவா. 1979இல் 'ஸ்டார் பிளேசர்ஸ்' என்னும் பெயரில் அமெரிக்காவுக்குச் சென்றபோது அவருடைய இசை பெரும்பாலும் காக்கப்பட்டது. பின்னர் 2012இல் அக்கதை 'யமாத்தோ 2199' என்று புதிதாக ஆக்கப்பட்டது. அதற்கு இசை வகுத்தவர் அவருடைய மகன் அகிரா மியாகவா. தந்தை எழுதிய இசைத்தாள்கள் கிட்டாமையால், பழைய ஒலிப்பதிவைச் செவியால் கேட்டுக் கேட்டு அவர் மீண்டும் எழுதினார். இங்கே மீள்பயன்பாடு சிக்கனம் அன்று, அது கடன். தந்தைக்கும், அவ்விசையோடு வளர்ந்த மக்களுக்கும் ஆற்றிய கடன்.

இரண்டாவது 'டிராகன் பால் கை'. பழைய 'டிராகன் பால் இசட்' தொடரைச் சுருக்கி 2009இல் வெளியிட்டபோது, கென்ஜி யமமோட்டோ புதிய இசை அமைத்தார். 2011 மார்ச்சில், அவருடைய இசைத் துணுக்குகள் சில பிறர் உரிமையை மீறியிருக்கக்கூடும் என்று தயாரிப்பு நிறுவனம் அறிவித்தது. எஞ்சிய பகுதிகளிலும் மறு ஒளிபரப்பிலும் அவர் இசை நீக்கப்பட்டுக் கிகுச்சியின் பழைய இசை வைக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய இசை, தனக்கென்று தொகுக்கப்படாத படத்தில் வந்து அமர்ந்தது. நிலைமைக்கென்று எழுதப்பட்டதால் அது அமர முடிந்தது. களஞ்சிய இசையின் வலிமை அதில் விளங்குகிறது. பிறர் இசையை உரிமையின்றி எடுப்பதற்கும், தம் மரபின் இசையை அறிந்து மீண்டும் எடுத்தாளுவதற்கும் உள்ள வேறுபாடும் அந்நிகழ்ச்சியால் தெளிவாகிறது. முன்னது மறைக்கப்படுவது, பின்னது எல்லாரும் அறிய நிகழ்வது.

முடிவாக

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. தொடரின் பின்னணி இசை கதைக்கு முன்பே ஆக்கப்பட்டுக் கதையோடு சேர்ந்து பொருள் பெறுகிறது. மீண்டும் ஒலிப்பது அதன் குறையன்று. தேர்ந்து ஒலிக்காமையே குறை. மொழிமாற்றத்தில் இசையையும் மௌனத்தையும் மாற்றுவோர் சொல்லை மாற்றுவோரைப் போலவே மொழிபெயர்ப்பாளர் ஆவர். எனவே, மொழிபெயர்ப்பாளனிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மையை அவர்களிடமும் எதிர்பார்க்க நமக்கு உரிமையுண்டு.

இதில் ஆசிரியர்க்கு ஒரு பணி உண்டு. மாணவர் விரும்பிக் காணும் தொடர் ஒன்றில் சில நிமிடக் காட்சியை வகுப்பில் ஒலியின்றிக் காட்டலாம். என்ன உணர்வு எழுந்தது என்று எழுதச் செய்யலாம். பின்னர் ஒலியோடு காட்டி மீண்டும் எழுதச் செய்யலாம். இசை மாற்றப்பட்ட பதிப்பு கிடைக்குமாயின் அதனையும் காட்டலாம். தம் உள்ளத்தில் எழுந்த அச்சமும் இரக்கமும் படத்தால் வந்தனவா, இசையால் வந்தனவா என்று பிரித்தறியக் கற்ற மாணவன், மெய்ப்பாட்டியலை மனப்பாடமாக அன்றிப் பட்டறிவாகக் கற்றவனாவான். தான் கேட்பது யாருடைய குரல், யாருடைய இசை, எவர் விட்ட மௌனம் என்று வினவும் பழக்கம் ஒருமுறை படிந்துவிட்டால், அவன் படிக்கும் மொழிபெயர்ப்பு நூலிலும் அவ்வினா தொடரும். அத்தகைய வாசகர் பெருகுவதே நம் மொழிபெயர்ப்புத் துறைக்கும் ஆக்கம் தரும்.